பகா எண்ணுக்குக் காப்புரிமை வாங்க முடியுமா?

பாலக்கோட்டிலிருந்து ஒரு தந்தை கேட்கிறார்: “பிளஸ் ஒன் படிக்கும் என் மகள், 2147483647 ஒரு பகா எண் என்று புராஜெக்ட் செய்கிறாள். அதற்குக் காப்புரிமை வாங்கித் தருவதாகத் தருமபுரியில் ஒருவர் 12,000 ரூபாய் கேட்கிறார். கட்டலாமா? அது பகா எண்தானா என்று எப்படிச் சரிபார்ப்பது?”

கட்டாதீர்கள். 1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் கணித முறைகளுக்கே காப்புரிமை கிடையாது என்கிறது. வெறும் எண்ணுக்கு எங்கிருந்து வரும்? இந்த எண் பகா எண் என்று கணித மேதை ஆய்லர் 1772-லேயே நிறுவிவிட்டார். முதல் தவணை வாங்கியவர் அடுத்து ‘சர்வதேசச் சான்றிதழ்’ என்பார், அப்புறம் ‘பதிவுக் கட்டணம்’ என்பார். கிருஷ்ணகிரியில் ஒரு குடும்பம் நகையை அடகு வைத்துக் கட்டியது. கைக்கு வந்தது லேமினேஷன் போட்ட ஒரு தாள். பள்ளிகளில் அட்டைக்கும் பைண்டிங்குக்கும் மார்க் போடுகிறார்கள், உள்ளே இருக்கும் கணக்கை ஒருவரும் போட்டுப் பார்ப்பதில்லை. இந்த ஏஜென்ட்கள் பிழைப்பதே அதனால்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். 46341-ஐ அதே எண்ணால் பெருக்கினால் நம் எண்ணைத் தாண்டிவிடும். இரண்டு எண்களின் பெருக்கலாக இது இருந்தால், அவற்றில் ஒன்றாவது 46341-ஐவிடச் சிறியதாக இருந்தாக வேண்டும். அதனால் 46340 வரை வகுத்துப் பார்த்தால் போதும். அதிலும் எல்லா எண்ணும் வேண்டாம். நம் எண் 2-இன் 31-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. 31 பகா எண் என்பதால், இதை வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 62-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும். அப்படிப் பார்த்தால் 747 எண்கள்தான். அவற்றிலும் 5-இல் முடிபவை, 3-ஆல் வகுபடுபவை எல்லாம் கழிந்துவிடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் பிள்ளைகள் விழுகிறார்கள். அடுக்கு பகா எண் என்றால் விடையும் பகா எண் என்று எழுதிவிடக் கூடாது. 11 பகா எண்தான். ஆனால் 2-இன் 11-ஆம் அடுக்கில் ஒன்று குறைத்தால் 2047. உங்கள் ஊர் மண்டியில் 2047 தக்காளிப் பெட்டிகள் இருந்தால் வரிசைக்கு 89 வீதம் 23 வரிசையாக, ஒன்றும் மிஞ்சாமல் அடுக்கிவிடலாம். இணையத்தில் ஒரு குறுக்குவழி சுற்றுகிறது: எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி, அந்த எண்ணாலேயே வகுத்து, மீதி 1 வந்தால் பகா எண் என்பார்கள். அதுவும் இதே 2047-இடம் ஏமாறும்: 2-இன் 2046-ஆம் அடுக்கை 2047-ஆல் வகுத்தால் மீதி 1 வரும், உடனே பகா எண் என்று சொல்லிவிடும். அந்தச் சோதனையில் தோற்கும் ஒற்றைப்படை எண் நிச்சயம் பகா எண் இல்லை. தேறுவது பகா எண்தான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பெரிய எண்களில் மகளுக்கு ஆசை இருந்தால், அதற்கும் காசு வேண்டாம். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட பகா எண் 4,10,24,320 இலக்கம் கொண்டது. 2-இன் 13,62,79,841-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. அதைத் தேடிய மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

இப்போதைக்கு நோட்டை எடுத்து 311-இல் தொடங்கச் சொல்லுங்கள். அதற்கு முன் வரும் 63, 125, 187, 249 நான்கும் பகு எண்கள், வகுக்க வேண்டியதில்லை. 311-ஆல் வகுத்தால் ஈவு 6905092, மீதி 35 வர வேண்டும்.