ஸ்டாட்டிக் நிரல்களிலிருந்து குறியாக்கத்தைப் பிரிப்பது எப்படி?

கேள்வி: ஒரு சிறு கருவிக்காக லினக்ஸ் இமேஜ் தயாரிக்கிறோம். முதலில் இயங்கும் இனிட், பயனரை உள்ளே விடும் லாகின் உட்பட எல்லாமே ஸ்டாட்டிக்காக லிங்க் செய்தவை, அதாவது தேவையான லைப்ரரி அந்தந்த நிரலுக்குள்ளேயே இருக்கிறது. குறியாக்கம் இல்லாத பதிப்பும் வேண்டும் என்கிறார் வாடிக்கையாளர். எல்லாவற்றையும் இரண்டு முறை பில்டு செய்யாமல் அதை மட்டும் பிரிக்க முடியுமா?

பதில்: முடியும். முதலில் வாடிக்கையாளர் எதைக் குறியாக்கம் என்கிறார் என்று கேளுங்கள். கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் ஒருவழி ஹாஷும், தரவைப் பூட்டித் திறக்கும் சைஃபரும் ஒன்றல்ல.

1990களில் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம் இதே சிக்கலில் மாட்டியது. குறியாக்க மென்பொருளை அமெரிக்கா ஆயுதப் பட்டியலில் வைத்திருந்த காலம் அது. டிஇஎஸ் என்ற சைஃபரின் நிரலை ஏற்றுமதி செய்ய முடியாததால் தனித் தொகுப்பாக ஒதுக்கினார்கள். கடவுச்சொல்லுக்கு பௌல்-ஹென்னிங் கேம்ப் எம்டி5 என்ற ஹாஷின் அடிப்படையில் எழுதிய ஒருவழி முறை இருந்தது. கடவுச்சொல்லைச் சரிபார்க்க உதவும் கிரிப்ட் லைப்ரரி ஒரு சிம்லிங்க், அதாவது வேறொரு கோப்பைச் சுட்டும் பெயர். அது எதைச் சுட்டுகிறதோ அந்த முறை நடக்கும். இயங்கும்போது ஏற்றப்படும் ஷேர்டு லைப்ரரியை நம்பிய நிரல்களுக்கு இது போதும். ஆனால் இனிட் ஸ்டாட்டிக். கன்சோல் பாதுகாப்பற்றது என்று குறித்திருந்தால், பழுதுபார்ப்பதற்கான சிங்கிள் யூசர் நிலையில் ரூட் கடவுச்சொல்லைக் கேட்பது அதுதான். சிம்லிங்கை எப்படித் திருப்பினாலும், லிங்க் செய்தபோது உள்ளே போனதுதான் அங்கே இருக்கும். 2000இல் அமெரிக்க விதிகள் தளர்ந்தன. 2004இல் வந்த 5.2 பதிப்பில் அடிப்படை நிரல்களில் பெரும்பாலானவை டைனமிக் ஆயின, அதாவது ஷேர்டு லைப்ரரிக்கு மாறின. மீட்புக்குத் தனி ஸ்டாட்டிக் தொகுப்பு.

உங்களுக்கு என் பரிந்துரை: குறியாக்கத்தைத் தனி நிரலாக்கிவிடுங்கள். ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது லாகின் அல்ல, அது அழைக்கும் இன்னொரு சிறு நிரல். அந்த ஒரு கோப்பை இமேஜில் வைப்பதும் எடுப்பதும்தான் இரு பதிப்புகளுக்கும் வித்தியாசமாக இருக்கும். கடவுச்சொல்லை, இரு நிரல்களை இணைக்கும் பைப் வழியே அனுப்புங்கள். கட்டளை வரியில் கொடுத்தால் பிராசஸ் பட்டியலில் எல்லோருக்கும் தெரியும். துணை நிரல் இல்லையென்றால் விடை "அனுமதி இல்லை" என்றே இருக்க வேண்டும். இனிட்டுக்கு இது தேவையென்றால் கோப்பு ரூட் பார்ட்டிஷனிலேயே இருக்கட்டும். மற்றவை அப்போது மவுண்ட் ஆகியிருக்காது. இயங்கும்போது லைப்ரரியை ஏற்றலாமே என்று தோன்றும். வேண்டாம். மஸ்ல் என்ற சி லைப்ரரியில் ஸ்டாட்டிக் நிரலுக்கு அந்த வசதியே கிடையாது. கிளிப்ஸி என்ற இன்னொரு சி லைப்ரரியில், லிங்க் செய்த அதே பதிப்பு கருவியிலும் இருந்தாக வேண்டும்.

ஒரே நிரலுக்குள்தான் வைக்க வேண்டும் என்றால், ஹாஷையும் சைஃபரையும் தனித்தனி ஆப்ஜெக்ட் கோப்புகளாக்குங்கள் (கம்பைலர் தரும் துண்டுகள் இவை). லைப்ரரியிலிருந்து, துண்டுகளை இணைக்கும் லிங்கர் எடுப்பது முழு ஆப்ஜெக்ட் கோப்பை. ஒரு ஃபங்ஷனை மட்டும் அல்ல. எல்லா முறைகளின் முகவரிகளையும் ஒரே அட்டவணையில் அடுக்கும் வழக்கம் இங்கே வினை: அட்டவணை வந்தால் அது சுட்டும் அத்தனையும் கூடவே வரும். லிங்கர் தரும் மேப் கோப்பைப் பாருங்கள். எந்த ஆப்ஜெக்ட் யாருக்காக உள்ளே வந்தது என்று அதில் இருக்கும். விலக்க வேண்டிய பெயர் அதில் தென்பட்டால் பில்டு அங்கேயே நிற்கும்படி ஸ்கிரிப்டை எழுதிவிடுங்கள்.