கிளிநொச்சிக் கடைக் கமராவை யார் ஹக் செய்யப் போகிறார்கள்?

கிளிநொச்சியில் சின்னக் கடை, நான்கு சிசிடிவி கமராதான், இதில் திருட என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஹக் செய்பவர்களுக்கு வேண்டியது காட்சிகள் அல்ல, கருவியின் இணைய இணைப்பு. 2016இல் பரவிய மிராய் என்ற தீநிரல், இணையத்தில் திறந்து கிடந்த கமராக்களையும் ரவுட்டர்களையும் தானாகத் தேடி, கம்பனிகள் போட்டுவிட்ட சுமார் 60 கடவுச்சொற்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தது. அவ்வளவுதான் வித்தை! அப்படிப் பிடித்த கருவிகளை ஏவி, அதே ஆண்டு ஒக்டோபர் 21 அன்று இணையத்தளங்களின் பெயரை வைத்து அவற்றின் முகவரியைக் கண்டுபிடித்துத் தரும் டின் (Dyn) நிறுவனத்தின் சேவையகங்களைத் திணறடித்தார்கள். ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ்கூடப் பலருக்குத் திறக்கவில்லை.

மிராய் தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும், கரண்ட் போய் வந்தால் அழிந்துவிடும். ஆனால் பழைய கடவுச்சொல்லே இருந்தால் சில நிமிடங்களில் திரும்பவும் தொற்றிவிடும். சரி, கமரா பூட்டித் தந்த தம்பியைக் கூப்பிட்டாவது இன்றைக்கே கடவுச்சொல்லை மாற்றுங்கள்.