கறள் போக்க ஊற்றியது நெஞ்சில் பிடித்தது

கேள்வி: வெள்ளவத்தையில் கடல்பக்கத் தொடர்மாடியில் இருக்கிறோம். உப்புக்காற்றில் குசினி சிங்க், பைப் எல்லாம் கறள். போன கிழமை டொய்லட் க்ளீனர் ஊற்றித் தேய்த்தும் போகவில்லை. அதன் மேலேயே ப்ளீச்சையும் ஊற்றினேன். உடனே கண் எரிந்து தொண்டை அடைத்தது. பால் குடித்தேன். வறட்டு இருமல் இன்னும் நிற்கவில்லை. எனக்கு ஆஸ்துமாவும் உண்டு. (வாசகி, வயது 54)

பதில்: அம்மா, நீங்கள் சுவாசித்தது குளோரின் வாயு. டொய்லட் க்ளீனர்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அது ப்ளீச்சில் உள்ள சோடியம் ஹைப்போகுளோரைட்டுடன் சேர்ந்தால் இந்த வாயு கிளம்பும். தேசிக்காய்ப்புளியும் வினாகிரியும்கூட அமிலம்தான், ப்ளீச்சோடு சேர்க்கக்கூடாது. பால் குடித்ததில் பாதகமில்லை, பலனுமில்லை. வாயு போனது நெஞ்சுக்கல்லவா!

குளோரின் பட்டால் சிலருக்குச் சில மணித்தியாலம் கழித்துத்தான் நுரையீரலில் நீர் கோக்கும். நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். ஆனால் ஆஸ்துமா உள்ளவரின் சுவாசக்குழாய் கிழமைக்கணக்கில் சினந்திருக்கலாம். இருமல் தானாக நிற்கும் என்று காத்திராமல் நாளைக்கே உங்கள் வைத்தியரிடம் போய் நெஞ்சைப் பரிசோதியுங்கள். அவர் தந்த இன்ஹேலரை விடாதீர்கள். சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

இவ்வளவு பட்டும் சிங்குக்கு நன்மையுமில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பது அதன் மேலுள்ள மெல்லிய குரோமியம் ஒக்சைட் படலம். நீங்கள் ஊற்றிய இரண்டிலும் உள்ள குளோரைட் அந்தப் படலத்தைத் துளைத்துப் பொட்டுப் பொட்டாய்க் குழி விழுத்தும். கறள் அங்கேதான் திரும்பவும் ஏறும். அதற்கு இன்னும் கடுமையான போத்தலைத் தேடுவீர்கள். அதுதான் எனக்குப் பயம்.

சவர்க்காரத் தண்ணீர், பிடித்த இடத்துக்கு அப்பச்சோடாக் குழம்பு, கழுவியதும் உலர்ந்த துணியால் ஈரம் ஒற்றுவது: உப்புக்காற்றுக்கு இது போதும். அலுமினியத்தில் அப்பச்சோடா வேண்டாம், கறுத்துவிடும். அடைப்பு நீக்கும் கோஸ்டிக் சோடாவை அலுமினியத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். கொதித்து, தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவைக் கக்கும். குத்துவிளக்குக்கு நம் பழம்புளியே நல்லது.

எதைப் பாவித்தாலும் யன்னலைத் திறந்து, கையுறை போட்டு, ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் கழுவிக்கொண்டு, பிறகு வைத்தியசாலைக்குப் போங்கள். போகும்போது அந்தப் போத்தலையும் எடுத்துச் செல்லுங்கள்.