தசை கூப்பிடுமா, நரம்பு தேடி வருமா?

கேள்வி: மூளை உத்தரவு போடும், நரம்பு கொண்டுபோகும், தசை அசையும் என்றுதான் படித்தோம். தசையும் நரம்புக்குச் சேதி அனுப்பும் என்கிறார் டியூஷன் மாஸ்டர். சரியா?
— பிளஸ் டூ மாணவி, பெரம்பூர்

சரிதான். கருவில் நரம்பு வந்து தொடுவதற்கு முன்பே தசை இழை தன் நடுப்பகுதியில், நரம்பு விடும் சேதிப்பொருளான அசிட்டைல்கோலினைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளைச் சேர்க்கத் தொடங்கிவிடும். பந்திக்கு முன்பே இலை போட்டு வைக்கிற மாதிரி. அதற்கு மஸ்க், எல்.ஆர்.பி.4 என்ற இரண்டு புரதங்கள் வேண்டும். பிறகு வந்து சேரும் நரம்பு முனை அக்ரின் என்ற புரதத்தை விடுகிறது. அது எல்.ஆர்.பி.4-ஐப் பற்றும், எல்.ஆர்.பி.4 மஸ்க்கை முடுக்கும், ராப்சின் என்ற இன்னொரு புரதம் ஏற்பிகளை அங்கேயே கட்டிப்போடும். நரம்பும் தசையும் சேரும் முதிர்ந்த சந்திப்பில் ஒரு சதுர மைக்ரானுக்குச் சுமார் 10,000 ஏற்பிகள் இருக்கும். கொஞ்சம் தள்ளிப் போனால் 10-கூடத் தேறாது.

அக்ரினில் தொடங்கி நடப்பதெல்லாம் நரம்பு சொல்லி தசை கேட்பது. மறுதிசையில் பேசுவதும் அதே எல்.ஆர்.பி.4-தான். தசையின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் அதன் வெளிப்பகுதி நரம்பு முனையைப் பற்றி, 'போதும், இங்கேயே நில்' என்கிறது. 2012-ல் வெளியான ஆய்வில், தசையே அல்லாத உயிரணுக்களில் இந்தப் புரதத்தை ஏற்றி, இயக்க நரம்பணுக்களோடு சேர்த்து வளர்த்தார்கள். தொட்ட இடத்தில் நரம்பு சேதிப்பொருள் நிரம்பிய தன் குமிழ்ப்பைகளைக் குவித்துவிட்டது! எல்.ஆர்.பி.4 இல்லாத எலிக்கருவிலோ நரம்பு நிற்க இடம் தெரியாமல் தசை முழுக்க அலையும்; குட்டி மூச்சுவிட முடியாமல் பிறந்ததுமே இறந்துவிடும்.

கேள்வி: கண்ணாடி அறுத்து அப்பாவின் மணிக்கட்டு நரம்பைத் தைத்து 2 மாதம். கை தேறவில்லை. தைத்தது வீணா?
— வாசகர், வியாசர்பாடி

அதற்குள் முடிவு கட்டாதீர்கள். நரம்பு நாளுக்குச் சுமார் 1 மி.மீ.தான் வளரும்; தையலைத் தாண்டவே சில வாரம் பிடிக்கும். உள்ளங்கைத் தசை 8 செ.மீ. தள்ளி என்றால் 80 நாள், அதோடு இந்தத் தாமதம். நரம்புப் பாதையில் விரலால் தட்டினால் சுருக்கென்று மின்னும் இடம் மாதாமாதம் விரல்பக்கம் நகர்கிறதா என்று டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். விரலை மடக்கவே முடியவில்லையா? மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருப்பவை. அப்படியானால் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் அறுந்திருக்கிறதா என்று கேளுங்கள். உணர்வு வரும்வரை சூடான காபி டம்ளரை அந்தக் கையில் கொடுக்காதீர்கள், கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். தினமும் மறுகையால் விரல்களை மடக்கி நீட்டி விடுங்கள். 12 முதல் 18 மாதம் நரம்பே வராவிட்டால் தசை நாராகிவிடும். அதன்பிறகு நரம்பு வந்தும் பெரிதாகப் பலனில்லை.

கேள்வி: மயஸ்தீனியா (தசை சீக்கிரம் களைத்துத் தளரும் நோய்) அறிகுறி இருந்தும் ஏற்பிக்கு எதிரான ஆன்டிபாடி 'இல்லை' என்று வந்திருக்கிறது. நோயே இல்லையா?
— வாசகி, மயிலாப்பூர்

அப்படிச் சொல்லிவிட முடியாது. மேலே சொன்ன மஸ்க் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி பார்த்தார்களா என்று கேளுங்கள். அந்த வகையில், இந்த நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரை பலருக்குச் சரியாக வேலை செய்யாது.