பழைய புல்லட்டில் கறுப்பு நம்பர் பிளேட்டை அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

தாத்தாவின் 1967 மாடல் புல்லட்டைச் சரிசெய்து ஓட்டப் போவதாகவும், அதன் கறுப்புப் பலகை வெள்ளை எழுத்து நம்பர் பிளேட்டையும் முன் மட்கார்டு மேல் நிற்கும் தகட்டையும் மாற்ற மனமில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்தில் பழைய வண்டிகளுக்கு இதை அனுமதிக்கிறார்களே, இங்கே ஏன் கூடாது என்பதும் உங்கள் கேள்வி.

நம்பரை வைத்துக்கொள்ளலாம். பலகையை வைத்துக்கொள்ள முடியாது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன்.

என்னிடம் இருப்பது அப்பா ஓட்டிய 1966 புல்லட். திருவொற்றியூர் தொழிற்சாலையில் செய்த வண்டி. நம்பர் 'எம்' எழுத்தில் தொடங்கும். மாநிலம் அப்போது மெட்ராஸ் ஸ்டேட். 1969-இல்தான் தமிழ்நாடு ஆனது. இன்று நாம் பார்க்கும் 'டிஎன்' போட்டு இரண்டு இலக்கம் வரும் முறையெல்லாம் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பிறகு வந்தது. அதனால் அந்த மூன்று எழுத்தும் நான்கு எண்ணும் வெறும் அடையாளமில்லை, வண்டி எந்தக் காலத்தில் பிறந்தது என்பதற்கான சான்று. ஒருமுறை போனால் திரும்பக் கிடைக்காது. முறையாகப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டே வந்தால் அந்த நம்பர் வண்டியோடு கடைசி வரை இருக்கும். புது வரிசையில் நம்பர் வாங்கியே ஆக வேண்டும் என்று யாராவது ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போது பலகைக்கு வருவோம். தனியார் வண்டிக்குக் கறுப்பில் வெள்ளை எழுத்து என்பது 2000-களின் தொடக்கம் வரை இருந்த வழக்கம். பிறகு மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, சொந்த வண்டிக்கு வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து என்று ஆக்கினார்கள். மஞ்சளில் கறுப்பு வாடகை வண்டிக்கு. கறுப்பில் மஞ்சள், வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டும் வண்டிக்கு. இந்த விதியில் 'பழைய வண்டிக்கு மட்டும் பழைய நிறம்' என்ற விலக்கு கிடையாது. எழுத்து ஆங்கிலத்தில், எண் நாம் வழக்கமாக எழுதும் 1, 2, 3-இல். தமிழ் எண்ணில் மட்டும் எழுதி வைப்பதும் செல்லாது. எனக்கும் அதில் வருத்தம்தான்.

அளவும் உண்டு. மோட்டார் சைக்கிளுக்குப் பின்பக்க எழுத்து 35 மில்லிமீட்டர் உயரம், எண் 40 மில்லிமீட்டர், கோட்டின் தடிமன் 7. முன்பக்கம் எழுத்தும் எண்ணும் 30 மில்லிமீட்டர், தடிமன் 5. வளைத்து நெளித்து எழுதுவது, சாமி படம், கட்சிக் கொடி, பேர் எல்லாம் பலகையில் இருக்கக் கூடாது. மீறினால் சட்டத்தின் 177-ஆம் பிரிவுப்படி முதல் தடவை 500 ரூபாய் வரையும், அடுத்த தடவை 1,500 ரூபாய் வரையும் அபராதம்.

நீங்கள் சொன்ன முன் மட்கார்டுத் தகடுதான் எனக்கும் கஷ்டமாக இருந்த இடம். மட்கார்டின் வளைவுக்கு ஏற்றபடி வண்டியின் நீளவாக்கில் நின்று, இரண்டு பக்கமும் நம்பர் எழுதிய அந்தத் தகடு இல்லாவிட்டால் பழைய புல்லட்டுக்கு முகமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனால் நம் விதி, முன்பக்க நம்பர் ஹேண்டில்பாருக்கு இணையாக, எதிரே வருபவருக்குத் தெரியும்படி இருக்க வேண்டும் என்கிறது. வண்டியின் அச்சுவாக்கில் நிற்கும் தகட்டுக்கு இடமில்லை. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். எதிரே வரும் கேமராவுக்கும் போலீஸ்காரருக்கும் அந்தத் தகட்டின் விளிம்பு மட்டும்தான் தெரியும். குறுக்கே வந்த ஆள்மீது மோதினால் அந்த விளிம்பு என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். நான் தகட்டைக் கழற்றிவிடவில்லை. நம்பரை அழித்து வெறும் கறுப்பாக விட்டு, விளிம்புக்கு ரப்பர் பட்டை போட்டேன். விதிப்படியான சின்னப் பலகையை ஹெட்லைட்டுக்குக் கீழே பொருத்தினேன். எங்கள் பகுதி பிரேக் இன்ஸ்பெக்டர் அதை ஏற்றுக்கொண்டார். இன்னொருவர் கழற்றச் சொல்லலாம், சொன்னால் கழற்றிவிடுங்கள்.

இங்கிலாந்து விஷயம் உண்மைதான். அங்கே 1980 ஜனவரி 1-க்கு முன் தயாரான வண்டி, முறைப்படி 'ஹிஸ்டாரிக்' பிரிவில் பதிவாகியிருந்தால் கறுப்புப் பலகையில் வெள்ளை, வெள்ளி நிற எழுத்து வைக்கலாம். 40 வருடம் ஆனால் போதும் என்று ஆண்டுதோறும் நகர்ந்துகொண்டிருந்த கணக்கை 2021-இல் நிறுத்தி இப்படி ஒரு தேதியில் பூட்டினார்கள். மட்கார்டுத் தகடு கட்டாயம் என்பதை அங்கே 1975-லேயே நீக்கிவிட்டார்கள். அப்படி ஒரு சலுகை நமக்கும் வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். 50 வருட வண்டியில் அந்தக் காலத்துப் பலகை இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அது வரும் வரை அங்கத்து விதியைக் காட்டி இங்கே வாதாட முடியாது.

நம் நாட்டில் பழைய வண்டிகளுக்கென்று வந்த விதி 2021 ஜூலையில் வந்த 'வின்டேஜ்' விதி. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய இரு சக்கர வண்டியும் காரும், சேசிஸ், பாடி, என்ஜின் பெரிதாக மாற்றப்படாமல் இருந்தால், இதில் சேரலாம். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவு செய்தால் மாநில எழுத்துக்குப் பின் 'விஏ', பிறகு இரண்டு எழுத்து, பிறகு 0001 முதல் 9999 வரை ஒரு எண். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், மறுபதிவுக்கு 5,000.

கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அவசரப்பட்டு அதில் சேர வேண்டாம் என்று உங்களிடம் கையைப் பிடித்துச் சொல்வேன். வின்டேஜ் பதிவு வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பராமரிப்புக்கு, இவற்றுக்குப் போய்வர மட்டும்தான். நீங்கள் ஓட்ட வேண்டும் என்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போக வேண்டுமென்றால் சாதாரணப் பதிவுதான் சரி. காகிதமே இல்லாத வண்டிக்கும் வெளிநாட்டிலிருந்து வந்ததற்கும் வேண்டுமானால் அந்த வழியைப் பாருங்கள்.

சாதாரணப் பதிவு 15 வருடம் முடிந்தபின் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். படிவம் 25, இன்ஷூரன்ஸ், பசுமை வரி, வண்டியை நேரில் காட்டுவது. 20 வருடம் தாண்டிய மோட்டார் சைக்கிளுக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025-இல் 2,000 ரூபாயாக உயர்த்திவிட்டார்கள். ஆர்.சி. புக் இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்து, அவர் காலமாகிவிட்டாரென்றால், முதலில் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்றுங்கள். பிறகுதான் மற்றதெல்லாம்.

நம்பர் பிளேட்டில் எனக்கு நிஜமாகத் தலைவலி கொடுத்தது நிறமோ அளவோ இல்லை. பழைய ஆர்.சி. புக்கைக் கணினியில் ஏற்றியபோது யாரோ ஒரு எழுத்தைத் தவறாக அடித்துவிட்டார்கள். 'யு' என்பது 'வி' ஆகிவிட்டது. கையால் எழுதிய புக்கில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன, அவர்களையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது. அதைத் திருத்த ஒரு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நாலு மாதம் நடந்தேன். கடைசியில் வேலையை முடித்துக்கொடுத்தவை அப்பா பத்திரமாக வைத்திருந்த 1970-களின் வரி ரசீதும், சேசிஸ் நம்பர் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரிண்டும்தான். ஆகவே பெயின்டரிடம் போவதற்கு முன்னால் மத்திய அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாஹனில் உங்கள் நம்பரை அடித்துப் பாருங்கள். வரவே இல்லையென்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 'பேக்லாக் என்ட்ரி', அதாவது பழைய பதிவைக் கணினியில் ஏற்றுவது, போடச் சொல்லிக் கேட்க வேண்டும். வந்தால் என்ஜின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள். பழைய புல்லட்டுகளில் என்ஜின் மாறியிருப்பது சகஜம். மாற்றம் புக்கில் ஏறவில்லையென்றால் புதுப்பிக்கும்போது மாட்டிக்கொள்ளும்.

உயர்பாதுகாப்புப் பலகை பற்றியும் ஒரு வார்த்தை. அலுமினியத் தகடு, அசோகச் சக்கர ஹோலோகிராம், லேசரில் பொறித்த எண், கழற்றினால் உடையும் பூட்டு. 2019 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகள் அதோடுதான் வருகின்றன. கர்நாடகம், மகாராஷ்டிரம், தில்லியில் அதற்கு முன் பதிவான வண்டிகளுக்கும் கட்டாயம் என்று சொல்லிவிட்டார்கள். உங்கள் வண்டி எந்த மாநிலப் பதிவோ அந்த மாநில உத்தரவைப் பாருங்கள். மோட்டார் சைக்கிளுக்கு 200-க்கு 100 மில்லிமீட்டர் அளவும், முன்பக்கத்துக்கு ஒல்லியான 285-க்கு 45 அளவும் இருக்கின்றன. அந்த ஒல்லியானது பழைய புல்லட்டின் முகத்தைக் கெடுக்காது.

தாத்தாவின் கறுப்புப் பலகையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதன் மேல் புது பெயின்ட் அடிக்கவும் விடாதீர்கள். எங்கள் வீட்டில் அப்பாவுடையது கூடத்துச் சுவரில் இருக்கிறது. பின்பக்கத்தில் நம்பர் எழுதிய பெயின்டர் போட்ட தேதிகூட இன்னும் அழியவில்லை.