பாலையில் எங்கே இறங்குவது? டென்ட்டுக்கும் ஆர்விக்கும் இடம் தேடுபவர்களின் கேள்விகள்

குளிர்காலம் நெருங்கினால் எனக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றே ஒன்றைச் சுற்றித்தான் இருக்கும். அரிசோனா, தெற்குக் கலிஃபோர்னியா, நெவாடா பாலைப் பக்கம் டென்ட் எங்கே போடலாம், ஆர்வியை (படுக்கை, அடுப்படி எல்லாம் உள்ள வீட்டு வண்டியை) எங்கே நிறுத்தலாம்? நான் டூசானில் இருக்கிறேன். 14 குளிர்காலமாக இந்தப் பக்கம் சுற்றி வருகிறோம். முதல் 6 வருடம் டென்ட், அப்புறம் 24 அடி ஆர்வி. இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி (சான் டியாகோ): அக்கா, ஜூலை 4 விடுமுறைக்கு டெத் வேலி தேசியப் பூங்கா, இல்லையென்றால் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்கா போகலாம் என்று நினைக்கிறோம். டென்ட்தான். 5 வயதிலும் 8 வயதிலும் இரண்டு பிள்ளைகள்.

வேண்டாம் தம்பி. டெத் வேலியின் ஃபர்னஸ் க்ரீக்கில் 1913 ஜூலை 10 அன்று 134 டிகிரி ஃபாரன்ஹீட் பதிவானது. உலகிலேயே அதிக வெப்பம் என்று இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள். அந்த அளவு எல்லா வருடமும் வராது என்றாலும், ஜூலையில் அங்கே 115, 120 எல்லாம் சாதாரணம். இரவிலும் அனல் இறங்காது. துணிக்கூடாரத்துக்குள் சின்னப் பிள்ளைகள் தூங்கவே முடியாது.

பாலையில் இடம் தேடும்போது காலண்டரையும் அந்த இடத்தின் உயரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆயிரம் அடி ஏறினால் சுமார் 3 முதல் 5 டிகிரி குறையும். ஃபர்னஸ் க்ரீக் கேம்ப்கிரவுண்ட் கடல் மட்டத்துக்கு 196 அடி கீழே இருக்கிறது. அதே பூங்காவில் மகாகனி ஃபிளாட் கேம்ப்கிரவுண்ட் 8,000 அடிக்கு மேலே, மலை முகட்டில். ஒரே பூங்கா, ஆனால் மேலே போர்வை தேடும் நேரத்தில் கீழே மூச்சு முட்டும். (அந்தக் கடைசி ஏற்றத்துக்கு அடிப்பாகம் உயர்ந்த வண்டி வேண்டும், சாதாரண கார் படாதபாடு படும்.)

ஜூலையில் போயே ஆக வேண்டுமென்றால் ஃபிளாக்ஸ்டாஃப் பக்கம் போங்கள். சுமார் 7,000 அடி, பைன் மரக்காடு, சுற்றிலும் கோகோனினோ தேசிய வனம். கோடைத் தொடக்கத்தில் அங்கே தீ மூட்டத் தடை இருக்கும், சில வருடம் காட்டுச் சாலைகளையே மூடிவிடுவார்கள். கிளம்பும் வாரத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஜோஷுவா ட்ரீயை அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (இர்வைன்): பிப்ரவரி நீண்ட வார இறுதிக்கு ஜோஷுவா ட்ரீயில் ஒரு இடம்கூடக் காலி இல்லை. வேறு வழி உண்டா?

உண்டு. அந்தப் பூங்காவில் மொத்தம் சுமார் 500 இடங்கள்தான். முன்பதிவு 6 மாதம் முன்னால் திறக்கும். நல்ல வார இறுதி என்றால் அன்று காலையிலேயே போய்விடும். இருந்தாலும் ரத்து செய்பவர்கள் நிறைய. புறப்படும் நாளுக்கு முந்தைய ஒரு வாரம் காலையிலும் இரவிலும் முன்பதிவு செய்யும் ரிக்ரியேஷன் டாட் கவ் தளத்தைத் திறந்து பாருங்கள். எனக்கு மூன்று முறை அப்படித்தான் கிடைத்தது.

ஹிடன் வேலி கேம்ப்கிரவுண்ட் பல வருடமாக முன்பதிவு இல்லாமல், முதலில் வருபவருக்கு என்று நடந்து வருகிறது. 44 இடம். பாறை ஏறுபவர்கள் புதன், வியாழனிலேயே வந்து பிடித்துவிடுவார்கள். வெள்ளி சாயங்காலம் வேலை முடிந்து கிளம்பினால் கிடைக்காது.

அதுவும் இல்லையென்றால் பூங்காவின் தெற்கு வாசலுக்கு வெளியே, 10ஆம் எண் நெடுஞ்சாலைக்கும் வாசலுக்கும் நடுவில், பிஎல்எம் என்ற மத்திய அரசுத் துறையின் நிலம் இருக்கிறது. இலவசம். தண்ணீர் இல்லை, கழிப்பறை இல்லை, காற்றுக்கு மறைப்பு இல்லை. ஆனால் காலை 7 மணிக்கு நீங்கள் பூங்காவுக்குள் இருக்கலாம்.

கேள்வி (சாண்ட்லர்): பிஎல்எம், பிஎல்எம் என்கிறீர்கள். ரோட்டோரம் வெறும் நிலமாகத்தான் தெரிகிறது. யார் நிலம் என்று எப்படித் தெரியும்? போலீஸ் வந்து எழுப்பினால்?

பலரும் தயங்கி நிற்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பிஎல்எம் என்பது மத்திய அரசின் நில நிர்வாகத் துறை. அதன் நிலத்தில், தடை என்று பலகை இல்லாத இடங்களில், பொதுவாக 28 நாளுக்குள் 14 நாள் வரை இலவசமாகத் தங்கலாம். அப்புறம் அந்தப் பகுதியை விட்டு நகர்ந்துவிட வேண்டும். தேசிய வனங்களிலும் இதுபோல உண்டு, நாள் கணக்கு மட்டும் வனத்துக்கு வனம் மாறும்.

சிக்கல் என்னவென்றால் பாலையில் எல்லா நிலமும் ஒன்று போலவே இருக்கும். அரிசோனாவில் மாநில அறக்கட்டளை நிலம் ஏராளம். பார்க்க பிஎல்எம் நிலம் மாதிரியே இருக்கும், ஆனால் மாநில நிலத்துறையின் அனுமதிச் சீட்டு இல்லாமல் அதில் தங்கக்கூடாது. இணையத்தில் வாங்கிவிடலாம், பெரிய செலவு இல்லை. பூர்வகுடி மக்களின் நிலம் முற்றிலும் வேறு. நவஹோ நாட்டிலோ டொஹோனோ ஓதாம் நாட்டிலோ சாலையோரம் காலியாக இருக்கிறதே என்று இறங்கிவிடாதீர்கள். அது அவர்களுடைய ஊர், அவர்களுடைய அனுமதி வேண்டும்.

நில உரிமையை நிறம் நிறமாகக் காட்டும் வரைபடச் செயலிகள் இருக்கின்றன. கையா, ஆன்எக்ஸ் இரண்டிலுமே பார்க்கலாம். பிஎல்எம் நிலம் பெரும்பாலும் மஞ்சளாகவும், வனம் பச்சையாகவும், மாநில நிலம் நீலமாகவும் இருக்கும். வீட்டிலேயே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள், அங்கே சிக்னல் கிடைக்காது. பிறகு ஐஓவர்லேண்டர் போன்றவற்றில் போன மாதம் தங்கியவர்கள் எழுதியதைப் படியுங்கள். இரண்டு வருடம் முந்தைய குறிப்பை நான் நம்புவதில்லை. ஒரே மழையில் சாலை போய்விடும்.

இடத்தை நெருங்கியதும் ஏற்கெனவே பலர் தங்கித் தங்கி இறுகிப்போன தரையைத் தேடுங்கள். கல் வட்டம் இருக்கும், டயர் தடம் இருக்கும். புது மண்ணில் வண்டியை ஏற்றாதீர்கள். கருப்பாக, மொறுமொறுவென்று மேலோடு படிந்த மண்ணைப் பார்த்திருப்பீர்கள். அது உயிருள்ள மண். நுண்ணுயிரும் பாசியும் சேர்ந்து மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒரு டயர் ஏறினால் மீண்டு வரப் பல பத்தாண்டு ஆகும். இதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள்.

மாதக்கணக்கில் தங்க நினைப்பவர்கள் குவார்ட்ஸைட் ஊருக்குப் பக்கத்தில் லா போசாவைப் பார்க்கலாம். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை கட்டணம் கட்டி முழுப் பருவமும் இருக்கலாம். தண்ணீரும், கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் டம்ப் ஸ்டேஷனும் உண்டு. ஜனவரியில் அங்கே ஆர்விகள் கடல் மாதிரி நிற்கும். தனிமை தேடுபவர்களுக்கு ஆகாது. முதல்முறை ஆர்வி ஓட்டுபவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன், ஏனென்றால் எது பழுதானாலும் பக்கத்து வண்டிக்காரர் ஒருவருக்கு அதைச் சரிசெய்யத் தெரிந்திருக்கும்.

கேள்வி (டாலஸ்): மேடம், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், இருவருக்கும் 65க்கு மேல். 30 அடி ஆர்வி வாடகைக்கு எடுக்கிறோம். மின்சாரம், தண்ணீர் இணைப்போடு தேசியப் பூங்காவுக்குள்ளேயே தங்க முடியுமா?

பாலைப் பூங்காக்களில் அது அபூர்வம். டெத் வேலியில் பூங்காத் துறையே நடத்தும் கேம்ப்கிரவுண்ட்களில் ஃபர்னஸ் க்ரீக்கில் மட்டும்தான் ஹூக்கப் (வண்டிக்கான இணைப்பு), அதுவும் 18 இடம். ஜோஷுவா ட்ரீயில் எங்குமே கிடையாது. ஹிடன் வேலியிலும் வைட் டேங்கிலும் 25 அடிக்கு மேல் வண்டியே நுழையக்கூடாது. சகுவாரோ பூங்காவில் வண்டி நிறுத்தித் தங்கும் கேம்ப்கிரவுண்டே இல்லை. அதை ஒட்டி, டூசான் மலைப் பூங்காவில், பிமா கவுண்டியின் கில்பர்ட் ரே இருக்கிறது. மின் இணைப்பு உண்டு. சாயங்காலம் சகுவாரோ கள்ளிகளுக்குப் பின்னால் சூரியன் இறங்குவதை நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். பெரியவர்களோடு வருபவர்களுக்கு என் முதல் தேர்வு அதுதான். அரிசோனாவின் மாநிலப் பூங்காக்களில் லாஸ்ட் டச்மேன், கேடலினா இரண்டிலும் மின் இணைப்புள்ள இடங்கள் நல்லவை.

வாடகை ஒப்பந்தத்தை வரி விடாமல் படியுங்கள். மண் சாலையில் போனால் காப்பீடு செல்லாது என்று பல நிறுவனங்கள் எழுதியிருக்கும். அப்படியென்றால் முன் பதிலில் சொன்ன இலவச நிலம் பெரும்பாலும் உங்களுக்கு இல்லை. கேம்ப் கட்டணத்தில் பாதிச் சலுகை தரும் மூத்தோர் பாஸ் அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான், விசிட்டர் விசாவில் வந்த பெற்றோருக்குக் கிடைக்காது.

இன்னொன்று. மெக்சிகோ எல்லையை ஒட்டிய ஆர்கன் பைப் பூங்கா பக்கமும் தெற்கு அரிசோனாவிலும் நெடுஞ்சாலையில் எல்லைக் காவலர் சோதனைச் சாவடி இருக்கும். எல்லோருடைய பாஸ்போர்ட், விசாத் தாள்களையும் எடுத்துக்கொண்டு போங்கள். கேட்பார்கள், காட்டினால் அனுப்பிவிடுவார்கள்.

கேள்வி (லாஸ் வேகஸ்): போன முறை சமதளமாக, மெத்தை மாதிரி மணல் உள்ள இடத்தில் டென்ட் போட்டோம். ஒருவர் வந்து அது வாஷ், எடுங்கள் என்றார். வானத்தில் மேகமே இல்லையே?

அவர் உங்களுக்குப் பெரிய உதவி செய்திருக்கிறார். வாஷ் என்பது மழை பெய்தால் மட்டும் ஓடும் காட்டாறு. மேகம் உங்கள் தலைக்கு மேல் இருக்க வேண்டியதில்லை. 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் ஆன்டலோப் கேன்யன் என்ற குறுகிய பள்ளத்தாக்கில் 11 பேர் வெள்ளத்தில் இறந்தார்கள். மழை பெய்தது அங்கே இல்லை, பல மைல் தள்ளி மேட்டில். ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை இங்கே மான்சூன் பருவம், அப்போது ஆபத்து அதிகம்.

நான் இறங்கியதும் முதலில் மரங்களின் அடியைப் பார்ப்பேன். பாலோ வெர்டே மரத்தூரில் குச்சியும் காய்ந்த புல்லும் ஒரே பக்கமாகச் சுற்றிச் சிக்கியிருந்தால் தண்ணீர் அந்த உயரம் வரை வந்திருக்கிறது என்று அர்த்தம். ஒருமுறை அந்தக் குப்பை என் இடுப்பு உயரத்தில் இருந்தது. அப்புறம் தரை. வெயிலில் சுருண்டு நிற்கும் களிமண் ஓடுகள், ஒரே அளவுக் கூழாங்கல் வரிசை, செடியே இல்லாத மணல் என்று தெரிந்தால் அது ஆறு. கரையேறி, கள்ளியும் க்ரியோசோட் புதரும் வேர்விட்டு நிற்கும் மேட்டில் போடுங்கள். கல் கொஞ்சம் குத்தும், பரவாயில்லை.

கேள்வி (ரிவர்சைட்): காற்றில் டென்ட் நிற்கவே மாட்டேன் என்கிறது. மணலில் முளை பிடிக்கவில்லை.

எங்களுக்கும் கலிஃபோர்னியாவின் ஆன்சா போரேகோ பூங்காவில் ஒரு மார்ச் இரவு டென்ட் பிய்த்துக்கொண்டு போனது. காலையில் ஒகோட்டியோ முள்ளில் கிழிந்து தொங்கியது. அதற்கப்புறம் முளையை நம்புவதை விட்டுவிட்டோம். காய்கறி வாங்கும் துணிப்பை நான்கு போதும். ஒவ்வொன்றிலும் மணலை நிரப்பி, வாயை டென்ட் கயிற்றால் கட்டி, ஒரு அடி ஆழத்தில் படுக்கப் போட்டுப் புதைத்து மிதித்துவிடுங்கள். இழுத்துப் பாருங்கள், அசையாது. டென்ட்டின் தாழ்ந்த பக்கம் காற்றைப் பார்த்து இருக்கட்டும். கிளம்பும்போது பையைத் தோண்டி எடுத்துக் குழியை மூடிவிடுங்கள்.

கேள்வி (ஃப்ரிமான்ட்): தண்ணீர் எவ்வளவு? கழிப்பறை இல்லாத இடத்தில் என்ன செய்வது?

குடிக்க மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன். நம் சமையலுக்கு அதற்கு மேல் வேண்டும். அரிசி களைவது, பருப்பு வேகவைப்பது, எண்ணெய்ப் பாத்திரம் கழுவுவது எல்லாம் சேர்த்து நான் ஆளுக்கு இரண்டு காலன் கணக்கு வைக்கிறேன். இலவச நிலத்துக்குப் போகும்போது வீட்டிலேயே புளிக்காய்ச்சல் செய்து எடுத்துப் போய்விடுவேன், பாத்திரம் குறையும். ஜோஷுவா ட்ரீயில் பிளாக் ராக், காட்டன்வுட் கேம்ப்கிரவுண்ட்களில் தண்ணீர் உண்டு, ஜம்போ ராக்ஸில் இல்லை. பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

கழிப்பறை இல்லையென்றால் நீர்நிலை, பாதை, கேம்ப் எல்லாவற்றிலிருந்தும் 200 அடி தள்ளி, 6 அங்குலம் தோண்டி மூட வேண்டும். காகிதத்தைப் புதைக்காதீர்கள், இந்த வறட்சியில் அது மக்காது. பையில் கட்டித் திரும்ப எடுத்து வாருங்கள். ஆர்வியின் கழிவுநீரைத் தரையில் திறந்துவிடவே கூடாது.

கேள்வி (மேசா): தேள், பாம்பு? அம்மா பயப்படுகிறார்.

தேள் இருக்கிறது. புற ஊதா (யூவி) டார்ச் அடித்தால் பச்சையாக மின்னும், படுக்கும் முன் டென்ட்டைச் சுற்றி ஒரு முறை அடித்துப் பாருங்கள். செருப்பை வெளியே விடாதீர்கள், விட்டால் உதறிப் போடுங்கள். வெறும் கையால் கல்லைப் புரட்டாதீர்கள். நடைமுறையில் அதிகம் படுத்துவது சோய்யா (cholla) கள்ளிதான். லேசாக உரசினாலே ஒரு முள் உருண்டை ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் கையிலும் ஏறும். தலைவாரும் சீப்பைத் தோலுக்கும் உருண்டைக்கும் நடுவில் நுழைத்து வெடுக்கென்று நெம்புங்கள். என் இடுப்புப் பையில் சீப்பு இல்லாமல் நான் நடப்பதில்லை.

கேள்வி (சான் ஹொசே): நட்சத்திரம் பார்க்க எங்கே, எப்போது?

போரேகோ ஸ்பிரிங்ஸ். இருண்ட வானத்துக்காக அங்கீகாரம் பெற்ற ஊர், தெரு விளக்குகளைக் கூட அடக்கி வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் ஆன்சா போரேகோ மாநிலப் பூங்கா, அதில் பல இடங்களில் இலவசமாகவே தங்கலாம். தீ மூட்டினால் இரும்புத் தொட்டிக்குள் மட்டும், சாம்பலையும் எடுத்து வர வேண்டும். அமாவாசையை ஒட்டிய நாட்களைப் பாருங்கள், நம் வீட்டு நாட்காட்டியே போதும். நவம்பர் அமாவாசை என்றால் இன்னும் நல்லது. ஸ்வெட்டர், குல்லாய், ஃபிளாஸ்க்கில் சுக்குக் காபி. போனை அணைத்துவிட்டு இருபது நிமிடம் கண்ணைப் பழக்கிக்கொண்டு தரையில் பாய் விரித்துப் படுங்கள்.