பாலம் தாண்டுமுன் பேங்க் புத்தகத்தைப் பாருங்கள்: குளுவாங் மண்டபத்துக் கேள்வி பதில்

ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பிள்ளைகள் செம்பனை அறுத்த காலம் போய், இப்போது பாதிப் பேர் சிங்கப்பூர் சம்பளம், மீதிப் பேர் சிங்கப்பூர் போகும் யோசனை. போன ஞாயிறு பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் உட்கார்ந்தபோது, துண்டுச் சீட்டில் கேள்வி எழுதிக் கொடுத்தார்கள். பேங்க் கவுண்டரில் 28 வருடம் இருந்தவன் என்ற ஒரே தகுதியில் பதில் சொன்னேன். அன்று வராதவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

அங்கிள், அடுத்த மாதம் சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. அங்கே கணக்குத் திறந்தால் மாதாமாதம் காசு பிடிப்பார்களாமே?

பிடிப்பார்கள், ஆனால் தவிர்க்கலாம். பல சேமிப்புக் கணக்குகளில் மாதச் சராசரி இருப்பு 500 சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலருக்கு)க் கீழே போனால் 2 வெள்ளி வெட்டு. சில கணக்குகளுக்கு அந்த எல்லை 3,000 வரை போகும். அதிக வட்டி என்று விளம்பரம் செய்யும் கணக்கை எடுக்கும்போது இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். சராசரி என்ற வார்த்தையைக் கவனியுங்கள். சம்பளம் ஏறிய மறுநாளே எல்லாவற்றையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டால், ஒரு நாள் 2,400 இருந்ததை அவர்கள் கணக்கில் எடுத்தாலும் சராசரி 500-ஐத் தொடாது. ஒரு 500 வெள்ளியை அங்கேயே தூங்கவிடுங்கள். அவசரத்துக்கும் ஆகும்.

ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தினமும் பாலம் கடக்கிறேன். சம்பளம் 2,400 வெள்ளி. சிங்கப்பூருக்கும் வரி, நம்ம நாட்டு வரி வாரியமான ஹாசிலுக்கும் வரி என்று தோழி பயமுறுத்துகிறாள்.

தோழியிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். முதலில் சிங்கப்பூர்க் கணக்கு. ஒரு வருடத்தில் 183 நாளோ மேலோ அங்கே வேலை செய்தால் நீங்கள் வரிக் குடியிருப்பாளர், அதாவது வரிக் கணக்கில் உள்ளூர் ஆள். முதல் 20,000 வெள்ளிக்கு வரி கிடையாது, அடுத்த 10,000-க்கு 2 சதவீதம். உங்கள் வருடச் சம்பளம் 28,800. உழைப்புக் கழிவு 1,000 போனால் 27,800. வரி 156 வெள்ளி. ஆம், வருடத்துக்கு.

சிக்கல் எங்கே வரும் என்றால், வருடத்தின் கடைசியில் சேர்ந்தவர்களுக்கு. செப்டம்பரில் சேர்ந்தால் அந்த வருடம் நான்கு மாதம்தான். குடியிருப்பாளர் அல்லாதவருக்குச் சம்பளத்தில் 15 சதவீதம் என்றால் 9,600-க்கு 1,440 வெள்ளி. இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டுத்தான் பாதிப் பேருக்குக் காய்ச்சல் வருகிறது. ஆனால் இரண்டு வருடங்களைத் தொட்டுத் தொடர்ச்சியாக வேலை செய்து, மொத்தம் 183 நாள் தேறினால், இரண்டு வருடத்துக்குமே குடியிருப்பாளராக எடுத்துக்கொள்ளும் சலுகை உண்டு. நடுவில் வேலையை விட்டுவிட்டு மூன்று மாதம் வீட்டில் இருந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்துபோகும்.

அப்புறம் நம்ம ஹாசில். வெளிநாட்டில் சம்பாதித்து இங்கே கொண்டுவரும் பணத்துக்கு 2022-லிருந்து வரி என்று சட்டம் மாறியது உண்மை. ஆனால் தனிநபர்களுக்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள், அதை 2036 டிசம்பர் 31 வரை நீட்டியும் விட்டார்கள். சம்பாதித்த நாட்டில் அந்த வருமானம் வரிக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதனால் சிங்கப்பூரிலிருந்து வரும் வரி மதிப்பீட்டுக் கடிதத்தை நாசி லெமாக் சோறு மடிக்கக் கொடுக்காமல் பத்திரமாக வையுங்கள்.

வீட்டுக்குப் பணம் அனுப்ப எது மலிவு, அண்ணே? ஒரு செயலி 'கட்டணம் இல்லை' என்கிறது.

இலவசம் என்று யார் சொன்னாலும் ரேட்டைப் பாருங்கள். அன்றைய சந்தை ரேட் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு 3.30 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். ஒருவன் 5 வெள்ளி கட்டணம் வாங்கி 3.30 தருகிறான். இன்னொருவன் கட்டணமே இல்லாமல் 3.26 தருகிறான். 1,000 வெள்ளி அனுப்பினால் இரண்டாவது ஆளிடம் 40 ரிங்கிட் போகிறது. முதல் ஆளிடம் 17 ரிங்கிட்கூட இல்லை. கட்டணம் ரசீதில் தெரியும், ரேட்டில் ஒளிந்தது தெரியாது. கவுண்டரில் இருந்தவன் சொல்கிறேன், பேங்க் சம்பாதிப்பது பெரும்பாலும் அங்கேதான். 2023 நவம்பரில் பணம் அனுப்பும் முறைகளான மலேசியாவின் டூயிட்நவ்வையும் சிங்கப்பூரின் பேநவ்வையும் இணைத்தார்கள். கைப்பேசி எண் போதும், பணம் அப்போதே வந்துவிடும். அதிலும் அனுப்பும் முன் எத்தனை ரிங்கிட் கையில் விழும் என்ற கடைசித் தொகையை மட்டும் ஒப்பிடுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே சமையல் வேலை பார்க்கிறேன் ஐயா. சம்பளம் 2,500 ரிங்கிட். அக்டோபரில் சேர்ந்தேன், 30 சதவீதம் பிடித்துவிட்டார்கள். ஊரில் பேங்க் கணக்கு இருக்கிறது, அதை என்ன செய்வது?

தம்பி, இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள், இரண்டும் முக்கியம்.

மலேசியாவில் 182 நாள் முடியும்வரை நீங்கள் வரிக் கணக்கில் வெளியாள். வெளியாளுக்கு 30 சதவீதம், கழிவு எதுவும் கிடையாது. மூன்று மாதத்துக்கு 7,500 ரிங்கிட்டில் 2,250 போய்விட்டது. வலிக்கும்தான். ஆனால் அடுத்த வருடமும் இடைவெளி இல்லாமல் இங்கேயே 182 நாள் இருந்தால், ஒட்டிவந்த அந்த மூன்று மாதத்துக்கும் குடியிருப்பாளர் தகுதி கிடைக்கும். முழு வருடம் 30,000 ரிங்கிட் சம்பளம் என்றால் 9,000 கழிவு போக 21,000. வரி 180 ரிங்கிட்தான் வரும். வரிக்குரிய வருமானம் 35,000-க்குள் இருந்தால் 400 ரிங்கிட் தள்ளுபடி வேறு. ஆகப் பூச்சியம். ஆனால் தானாகத் திரும்பி வராது. நீங்கள் வரிக் கணக்குத் தாக்கல் செய்து கேட்க வேண்டும். பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரைப் பக்கங்களைப் படம் எடுத்து வையுங்கள்.

2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் சேமநிதி வந்துவிட்டது, உங்களிடம் 2, முதலாளியிடம் 2 சதவீதம். அது வரி இல்லை, உங்கள் காசு. ஊருக்குத் திரும்பும்போது எடுக்கலாம்.

ஊர்க் கணக்கு விஷயம். வேலைக்காக வெளிநாடு வந்தபின் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்துக்கொள்ளக் கூடாது, இந்திய அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிக்காது. பேங்குக்குச் சொல்லி அதை என்ஆர்ஓ-வாக, அதாவது வெளிநாட்டில் இருப்பவர் ஊர் வருமானத்துக்கு வைக்கும் கணக்காக, மாற்ற வேண்டும். இங்கே சம்பாதித்ததை அனுப்ப என்ஆர்இ என்ற இன்னொரு கணக்குத் திறக்கலாம். அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துவரலாம். ஊர் வீட்டு வாடகை, நிலக் குத்தகை போன்றவை வழக்கமாக என்ஆர்ஓ-வில் விழும். அதன் வட்டியில் 30 சதவீதமும் செஸ் என்ற கூடுதல் வரியும் பிடிப்பார்கள். மலேசியாவின் வரிக் குடியிருப்புச் சான்றிதழைக் கொடுத்தால் இரு நாட்டு ஒப்பந்தப்படி 10 சதவீதமாகக் குறைக்கலாம். 'யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்' என்று விட்டுவிடாதீர்கள். இரு நாட்டு பேங்குகளும் வரி அலுவலகங்களுக்குத் தகவல் அனுப்புகின்றன.

பேங்க் பாரத்தில் 'எந்த நாட்டில் வரிக் குடியிருப்பாளர்' என்று கேட்கிறார்கள். காலியாக விடலாமா?

விடக்கூடாது. இப்போது சொன்ன தகவல் பரிமாற்றத்துக்குத்தான் அந்தப் பாரம். மலேசியா 2018-லிருந்து அதில் இருக்கிறது. தகவல் போவதாலேயே வரி வந்துவிடாது. பொய்யாக எழுதினால்தான் தொல்லை.

சிங்கப்பூர்க் கம்பெனி கடைசி மாதச் சம்பளத்தைத் தரவே இல்லை. ஏமாற்றிவிட்டார்களா?

இருக்கலாம், ஆனால் அவசரப்பட்டுச் சண்டை போடாதீர்கள். சிங்கப்பூர்க் குடிமகன் அல்லாதவர் வேலையை விட்டால், முதலாளி ஐஆர்21 என்ற பாரத்தை ஒரு மாதம் முன்பே வரி அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, கையிலுள்ள சம்பளத்தைப் பிடித்துவைக்க வேண்டும். வரி தீர்ந்ததும் மீதி வரும். எந்தத் தேதியில் அனுப்பினார்கள் என்று மட்டும் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் அப்போது சண்டை போடலாம்.

ஆஸ்திரேலியாவுக்கு வேலையும் விடுமுறையுமாகப் போகிறேன், அங்கிள்.

இறங்கியதும் டிஎஃப்என் என்ற வரி எண்ணுக்கு விண்ணப்பியுங்கள். அது இல்லாவிட்டால் சம்பளத்தில் கிட்டத்தட்ட பாதியைப் பிடித்துவிடுவார்கள். எண் இருந்தால் முதல் 45,000 டாலருக்கு 15 சதவீதம். முதலாளி போடும் 'சூப்பர்' என்ற ஓய்வுக்காலச் சேமிப்பை நாடு திரும்பும்போது கேட்டு வாங்கலாம், ஆனால் உங்கள் விசாவுக்கு அதில் 65 சதவீதம் வரி. அதை நம்பித் திருமணத் தேதி வைக்காதீர்கள்.

மகன் மெல்பர்ன் போய்ப் பத்து வருடம் ஆகிறது. இந்தப் புத்தகத்தில் காசு இருக்குமா, தம்பி?

இதை ஓர் அம்மா சீட்டில் எழுதவில்லை. பிளாஸ்டிக் பையைப் பிரித்துப் புத்தகத்தையே நீட்டினார். கடைசிப் பதிவு 2015 மார்ச், இருப்பு 1,340 ரிங்கிட். அடுத்த வரியில் பென்சிலால் எழுதிய ஒரு தொலைபேசி எண்.

கணக்குக்காரர் ஒரு வருடம் எதுவும் போடவோ எடுக்கவோ இல்லை என்றால் கணக்கு உறங்குகிறது என்று அர்த்தம். பேங்க் தானாகப் போடும் வட்டியை அப்படிப் போட்டதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அப்புறம் வருடத்துக்கு 10 ரிங்கிட் வெட்டு. ஏழு வருடம் தாண்டினால் பணம் பேங்கிலேயே இருக்காது, 1965-ஆம் வருடச் சட்டப்படி கோரப்படாத பணமாக அரசாங்கத்திடம் போய்விடும். போனது போனதுதான் என்று நினைக்க வேண்டாம். தேசியக் கணக்காயர் துறையின் இகுமிஸ் (eGUMIS) தளத்தில் அடையாள அட்டை எண்ணைப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

அந்த அம்மாவுக்காக மகனைக் கைப்பேசியில் கூப்பிட்டோம். அவன் அங்கே எண்ணைத் தட்டினான், பெயர் வந்தது. கோர வேண்டியவன் அவன்தான், கணக்கு அவன் பெயரில் மட்டும் இருப்பதால் அம்மாவால் முடியாது. கிளம்பும்போதே கூட்டுக் கணக்காக மாற்றி, வருடத்துக்கு ஒருமுறை 10 ரிங்கிட் போட்டிருந்தால் இந்த அலைச்சலே இல்லை. அம்மா அதைக் கேட்கவில்லை. "சாப்பிட்டியாப்பா?" என்று மகனிடம் பேசிக்கொண்டிருந்தார்.